நூறு சதவீதச் சரித்திரம்

ஒரகடத்தின் வரலாற்றில், ஏன், மனித குல வரலாற்றிலேயே, அந்த ஜூன் மாதத்துப் புதன்கிழமை காலை பதினொரு மணி பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டியது. கார் சீட் கம்பெனியின் உதவி மேலாளர் ரகுபதி, தான் உருவாக்கிய பிரவுசர் எக்ஸ்டென்ஷனை பிளான்ட் ஹெட் ராஜாமணிக்குக் காட்டி, 'டிஜிட்டல் தலைவர்' பதவியைப் பெறவிருந்த நேரம் அது.

எக்ஸ்டென்ஷனின் பெயர் 'சரித்திரச் சக்கரம்'. நாம் பார்த்த இணையப் பக்கங்களை வறட்டுப் பட்டியலாக இல்லாமல், புதியதில் தொடங்கிப் பழையது வரை படம் படமாகக் காட்டும். அதாவது, காட்ட வேண்டும். பத்தரை மணிக்கு அது வெறும் வெள்ளைக் கட்டங்களைத்தான் காட்டியது.

"படத்தையே காணோமே சார்," என்றார் புரொஜெக்டர் வயரைச் செருகிக்கொண்டிருந்த லைன் ஆப்பரேட்டர் மாரிராஜ்.

"ஒவ்வொரு பக்கத்தையும் அதுவே மறுபடி திறந்து படம் எடுக்கிற மாதிரி பண்ணிட்டா போச்சு."

"நம்ம கம்பெனி போர்ட்டல்ல லிங்க்கத் தொறந்தாலே காரியம் நடந்துருமே சார்?"

"நீ போல்ட்ட முறுக்கு மாரி. கோடிங்க நான் பாத்துக்கறேன்."

ஐந்தே நிமிடத்தில் போன் அடித்தது. கேன்டீன் கன்னியப்பன்.

"இன்னா சார், அறுபது பிரியாணி ஆர்டர் வந்துகீது? ஆடிட்டு போன மாசமே முடிஞ்சிட்ச்சே!"

"உங்க சிஸ்டம் கோளாறுய்யா," என்று வைத்துவிட்டார் ரகுபதி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் திரையில் முப்பது சதவீதம்தான் ஆகியிருந்தது. எனவே மேதைகள் செய்வதைச் செய்தார்: வேகத்தைப் பத்து மடங்காக்கினார்.

அடுத்த போன் கேட்டிலிருந்து. "சார், ஸ்டாண்டுல இருந்த ஒம்பது ஷிப்ட் வேனும் வாசல்ல வந்து நிக்குது. லாரி உள்ள வர முடியல."

"யாரு வரச் சொன்னது?"

"நீங்கதான் சார் புக் பண்ணீங்களாம்."

மாரிராஜ் திரையை எட்டிப் பார்த்தார். "ஏப்ரல் மாசத்துக்குப் போயிட்டு சார். நிப்பாட்டிருவமா?"

"ஏப்ரலா? ஓடட்டும், ஓடட்டும்."

ஏப்ரல் ரகுபதிக்குப் பிடித்த மாதம். மூன்று வருடமாக, ஒவ்வொரு ஏப்ரலிலும் போர்ட்டலில் ராஜினாமா கொடுப்பார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து வாபஸ் வாங்குவார். ஒரு முறைகூட அது ஏற்கப்பட்டதில்லை. தான் இல்லாமல் கம்பெனி இல்லை என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் அது. அந்த ஒன்றே அவருக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

நூறு சதவீதம். திரை முழுக்க வண்ணப் படங்கள். ரகுபதி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கதவு திறந்தது. வந்தவர் ஹெச்.ஆர். அமலா.

"ஹெட் எங்கம்மா? டெமோ ரெடி."

"அவரு வரல சார். உங்க ராஜினாமாவ அப்ரூவ் பண்ணிட்டு டீ சாப்புடப் போயிட்டாரு."

"அதத்தான் ஏப்ரல்லயே வாபஸ் வாங்கிட்டனே!"

"இன்னிக்கு வாபஸ் மொதல்ல வந்துது, ராஜினாமா அப்பால வந்துது சார். கடைசியா வந்ததுதான் கணக்கு."

ரகுபதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "மூணு வருஷமா என்னை விட மனசு வராத மனுஷன், இன்னிக்கு மட்டும் எப்படிம்மா?"

அமலா அவருடைய அறைச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"மூணு வருஷமும் அவரு பாஸ்வேர்ட அடிச்சு உள்ள வர்றதுக்குள்ள நீங்க வாபஸ் வாங்கிடுவீங்க சார்."