கால் படாத சுவர்

திண்ணனூர் நாடு,
கொல்லிமலை.

அன்புள்ள மருமகள் சுமித்ராவுக்கு,

உன் தாய்மாமன் அர்த்தனாரி ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் நலம், மிளகுக் கொடியும் நலம், கவிதா மட்டும் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பெற்ற அப்பன் என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ சிரித்துவிடுவாய். இது சிரிக்கிற விஷயம் இல்லை கண்ணு, அதனால்தான் கடிதம்.

மலையில் பிறந்த பிள்ளைகள் மரம் ஏறுகிற ஏற்றத்துக்கு அவர்களைச் சுவரேறும் போட்டிக்கே அனுப்பலாம், அதற்கு ஒரு பயிற்சிச் சுவர் வேண்டும், அது யாரோ ஒருவர் கையில் இல்லாமல் ஊர்ச் சொத்தாக இருக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய். அந்தக் கடைசி வார்த்தையில்தான் வினை. சும்மா கிடந்த மிளகுக் கொட்டகையை ஒழித்து, சில்வர் ஓக் மரம் அறுத்துச் சட்டம் அடித்து, பலகை ஏற்றி, கையால் பிடிக்கவும் காலால் மிதிக்கவும் என்று நீ அனுப்பிய கலர் கட்டைகளைத் திருகி முடித்தோம். விழுந்தால் அடிபடாமலிருக்க ஊரார் வீட்டுக்கொரு மெத்தை கொடுத்தார்கள். பூபதி வீட்டுக்குச் சம்பந்தி வந்த அன்று மட்டும் அவர்கள் மெத்தையை உருவிக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பார்த்து ஏணியிலிருந்து அந்த இடத்தில் விழுந்தது நான். அதையெல்லாம் நான் பெரிதாக நினைக்கவில்லை.

திறப்பு விழா என்றால் பூசை உண்டல்லவா? ஆயுத பூசைக்கு அரிவாளுக்கும் மோட்டாருக்கும் வைப்பது போலக் கட்டைகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். ஊர்ச் சொத்தாயிற்றே, தலைவர் மட்டும் வைத்தால் மற்றவர்களுக்கு மனத்தாங்கல் வரும், ஆகவே வீட்டுக்கு இத்தனை கட்டை என்று பிரித்து அவரவர் கட்டைக்கு அவரவரே பொட்டு வையுங்கள் என்று சொன்னதும் நான்தான். ஏணி போட்டு ஏறி வைத்தார்கள். ஒரு கட்டை பாக்கியில்லை. பார்க்க அத்தனை அழகு, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொட்டு வைத்த பொருளில் யாராவது கால் வைப்பார்களா என்ற கேள்வி மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வரவில்லை.

மறுநாள் காலையில் வந்தது. கவிதா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். வாசலில் நின்ற பாப்பாயி, "ஏஞ்சாமி, அது எங்க ஊட்டுக் கட்டை. அதுல கால வெச்சா எங்க தலைல வெச்ச மாதிரியில்ல?" என்றாள். கவிதா காலை இறக்கி, கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றோடு சரி, அந்தச் சுவரில் ஒரு காலும் படவில்லை. கூட்டம் போட்டோம். துடைத்துவிடலாமே என்றேன். குங்குமத்தை எந்தக் கை அழிக்கும் என்பது போலப் பெண்கள் எல்லாம் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பொட்டில்லாத புதுக்கட்டை வாங்கலாம் என்றான் பூபதி. அது யார் வீட்டுப் பங்கு என்று அடுத்த சண்டை. கடைசியில் பூசாரி சென்றாயனிடம் போனோம். அவர் வெகுநேரம் யோசித்து, கை படலாம் என்றார். பாப்பாயி வெள்ளிக்கிழமை தவறாமல் ஏணியோடு வந்து பொட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

மற்ற பிள்ளைகள் வருவதை மெல்ல விட்டார்கள். கவிதா விடவில்லை. கால் இரண்டும் காற்றில் தொங்க, கையாலேயே ஏறினாள். உள்ளங்கை பிய்ந்துபோய் வருவாள், உன் அத்தை விளக்கெண்ணெய் தடவுவாள். சாமி கை கொடுக்கும் கண்ணு என்று சொல்லிவிட்டு நான் டீக்கடைக்குப் போய்விடுவேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நீ சொல்லி அனுப்பிய பெங்களூர் கோச் வேல்முருகன் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் அவரிடம் இடம், இந்த வருஷம் விட்டால் கவிதாவுக்கு வயது தாண்டிவிடும் என்று நீ சொன்னது நினைவிருந்ததால் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வளைந்து வளைந்து ஏறியதில் மனிதர் முகம் வெளுத்து இறங்கினார். சோடா கொடுத்தோம். செருப்பை வெளியே விடச் சொன்னோம். கவிதாவுக்கென்று அவர் கொண்டுவந்த ஷூவையும் வெளியேதான் வைத்தோம். அவள் சுவரைக் கும்பிட்டுவிட்டு ஏறினாள், அடியிலிருந்து உச்சிவரை, வெறும் கையால். இன்னொரு தரம் என்றார். ஏறினாள். அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கால் என்னவாயிற்று என்று என்னைக் கேட்டார். நான் வீட்டுப் பங்கு, பொட்டு, பாப்பாயி என்று எல்லாம் விளக்கினேன். தலையில் கை வைத்து உட்கார்ந்தவர், சாப்பிடக்கூட நிற்காமல் வண்டியேறிவிட்டார்.

அன்று சாயங்காலம் கவிதா சொன்னாள்: "காலே வெக்கத் தெரியாதவள எந்தக் கோச்சுங்கப்பா சேத்துக்குவாரு? பொட்டு வெக்க ஊரே வந்துச்சு. ஏறுனது நான் ஒருத்திதானுங்க."

அதோடு பேச்சு நின்றது. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், முகம் பார்ப்பதில்லை. ஊரைச் சேர்த்து ஒரு காரியம் முடித்தேன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன் கண்ணு. கடைசியில் என் பிள்ளையின் காலைத்தான் கட்டிப் போட்டிருக்கிறேன். நீ அந்தக் கோச்சிடம் எனக்காக மன்றாடு. தப்பு அப்பனுடையது, பெண்ணுடையதில்லை என்று சொல். பொட்டில்லாத ஏதாவது ஒரு சுவரில் அவளை ஏறவிட்டுப் பார்க்கச் சொல். எப்பாடுபட்டாவது அவளைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொள். இதற்குமேல் நான் வேறெதுவும் கேட்கமாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அறப்பளீஸ்வரர் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
உன் மாமன் அர்த்தனாரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கோச் போன் செய்தார். அன்றைக்குப் பேசாமல் போனது கோபத்தில் இல்லையாம். காலே வைக்காமல் உச்சிவரை ஏறுகிற கை அவரிடம் இருக்கும் பிள்ளைகளில் ஒருவருக்கும் இல்லையாம். கால் வைக்க ஒரு மாசத்தில் பழக்கிவிடலாம், அந்தக் கையைப் பழக்க முடியாது என்கிறார். மாசம் பிறந்ததும் வரவேண்டுமாம், இரண்டு வருஷம் அங்கேயே தங்க வேண்டுமாம். கவிதா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு "அப்பா" என்றாள். அடுத்து அவள் கேட்டது, "பெட்டி எங்கீங்க?"

ஆகவே மேலே மன்றாடச் சொன்னதை மறந்துவிடு. முடிந்தால், அவளுக்குக் கால் வைக்கத் தெரியாது, சரிப்பட்டு வரமாட்டாள் என்று கோச் காதில் ஒரு வார்த்தை போட்டுப் பார். கவிதாவுக்குத் தெரிய வேண்டாம். முடியாதென்றால் போகட்டும், பெங்களூர் பஸ் ஸ்டாண்டுக்கு நீயே நேரில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ. ஆளை அனுப்பாதே.