சிவப்பு வண்டியை ஓட்டியது யார்?

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கவலைப்படுவதை மட்டும் ஒரு பாடமாக வைத்திருந்தால் இந்நேரம் அதில் டாக்டர் பட்டமே வாங்கியிருப்பேன். ஷிப்டுக்குக் கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் இழுப்பேன். (ஒருநாள் இழுத்த இழுப்பில் பூட்டு கையோடு வந்துவிட்டது. அதிலிருந்து, இழுக்கலாமா கூடாதா என்பதே தனிக் கவலை.)

இப்படிப்பட்டவனுக்குக் காதலும் வந்து தொலைத்தது.

ஒரகடம் பக்கம் கார் சீட் தைக்கிற கம்பெனியில் எனக்கு வேலை. நான் தைத்து அனுப்பும் சீட்டைத் தடவிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை டேப், கோணலாக இருந்தால் சிவப்பு டேப் ஒட்டுகிற இடத்தில் மகேஸ்வரி. பிள்ளைப்பாக்கத்துப் பெண், டிப்ளமோ படித்தவள். காதலிக்கிறோம் என்பதற்காக ஒரு நாளும் எனக்குச் சும்மா பச்சை ஒட்டியதில்லை.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் அவள் அப்பா ஏழுமலை சுருக்கமாகச் சொல்லிவிட்டாராம்: “ஆயுத பூஜ அன்னிக்கு லீவுதான? பையன் தங்கிக்கினு கீற ரூமப் பாக்கறேன். புடிச்சா பேசலாம். புடிக்கலன்னா அத்தோட வுட்டுடணும்.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகேஸ்வரிதான் திட்டம் போட்டுக் கொடுத்தாள்.

“நீ வாயத் தொறந்தா காரியம் கெட்டுடும். அப்பா கம்பெனி பஸ் ஓட்றவரு. வண்டின்னா உசுரு. அந்த ரேஸ் விளையாட்டப் போட்டு வுடு. ஜெயிச்சாருன்னா குஷியாயிடுவாரு.”

“ஜெயிக்கலைன்னா?”

“ஜெயிக்க வை!”

அந்த விளையாட்டுதான் என் வாழ்க்கையின் ஒரே சாதனை. மண்ணூர் காயலான் கடையில் வாங்கிய பழைய டிவி. உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு. அதை ஓட்டை போட்ட டிபன் பாக்ஸுக்குள் அடைத்து, யாரோ பேசுகிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சின்ன வயதில் காசு கொடுத்து ஆடிய பழைய விளையாட்டுகளை எல்லாம் அதில் ஏற்றியிருந்தேன். நாலு பேர் சேர்ந்து ஆட நாலு கன்ட்ரோலர். நாலும் ஒரே கறுப்பு, ஒரே அச்சு.

அதில்தான் ஒரு வில்லங்கம். எந்தக் கன்ட்ரோலரின் வயரை முதலில் செருகுகிறோமோ அதற்குச் சிவப்பு வண்டி. அடுத்து செருகுவதற்குப் பச்சை. அப்புறம் மஞ்சள், நீலம். குழப்பம் வரக்கூடாதென்று, கம்பெனியில் மிச்சம் விழுந்த டேப் துண்டுகளை வைத்து ஒவ்வொன்றுக்கும் அதனதன் வண்டியின் நிறத்தையே சுற்றி வைத்திருந்தேன். செருகும் வரிசை மாறினால் டேப்புக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இருக்காது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கெட்டேன்.

ஆயுத பூஜை அன்று காலை, ரூமில் என்னோடு தங்கியிருந்த இசக்கி சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்தான். நாங்கள் இருவரும் கோவில்பட்டிக்காரர்கள். மிக்சி, அயர்ன் பாக்ஸ், செல்போன் சார்ஜர் என்று எதையும் விடாமல் பொட்டு வைத்தான். கன்ட்ரோலர்களுக்கு நானே வைத்தேன். கம்பெனியில் மெஷினின் சுவிட்ச் பெட்டிக்குத்தான் முதல் பொட்டு. அந்தக் கணக்கில், வயர்களை உருவி, செருகுகிற முனைகளுக்கும் பயபக்தியோடு சந்தனம் குங்குமம் வைத்துத் திருப்பிச் செருகினேன்.

பத்து நிமிடம் கழித்துத் தலையில் மின்னல் வெட்டியது. சந்தனம் ஈரம். ஈரத்தில் கரண்ட். வருங்கால மாமனார் கையில் ஷாக்!

“ஏலேய், அது டார்ச் லைட்டு அளவுக்குக்கூடக் கரண்டு இல்லல. பேசாம இருல” என்றான் இசக்கி.

கேட்பேனா? நாலையும் பிடுங்கி, பனியனால் துடைத்து, வாயால் ஊதினேன். வாசலில் பைக் சத்தம். அவசர அவசரமாகச் செருகினேன். எதை முதலில் செருகினேன் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் என் பெயரைக் கேட்டிருந்தாலே யோசித்திருப்பேன்.

ஏழுமலை, அவர் தங்கை கன்னியம்மா, மகேஸ்வரி, மூவரும் உள்ளே வந்தார்கள். ஏழுமலை ரூமைச் சுற்றிப் பார்த்தார். பக்கெட்டைத் தூக்கி அடியில் பாசி இருக்கிறதா என்று பார்த்தார். கேஸ் அடுப்பை முகர்ந்தார். (நான் அன்று அதை எத்தனை முறை மூடியிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.) பொரி கடலைத் தட்டை நீட்டிவிட்டுப் பச்சை டேப் கன்ட்ரோலரை அவரிடம் கொடுத்தேன்.

“எனக்கு இன்னாத்துக்குப் பச்சக் கட்ட?”

“பச்சைன்னா ஓகேங்கய்யா. சிவப்புன்னா ரிஜெக்ட். அது எனக்கு.”

“பையன் வெவரமாத்தான் கீறான்” என்றார் தங்கையிடம். எனக்கு உச்சி குளிர்ந்தது. மஞ்சள் கன்னியம்மாவுக்கு, நீலம் மகேஸ்வரிக்கு.

ரேஸ் ஆரம்பித்தது. நான் ஏற்கெனவே முடிவு செய்தபடி வண்டியை இடது பக்கம் ஒடித்துச் சுவரில் மோதினேன். என் சிவப்பு வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. பச்சை வண்டி சுவரில் முட்டியது.

‘சரியாக அமுக்கவில்லை போல’ என்று இன்னும் பலமாக ஒடித்தேன். பச்சை வண்டி பல்டி அடித்தது.

“இன்னாடா இது! நா நேரா ஓட்டிக்கினு கீறேன், இது சொவுத்துக்குப் போவுது!”

“அண்ணே, கம்பெனி பஸ்ஸையும் இப்டித்தான் ஓட்றியா? பாவம், அதுல ஏறுற ஜனங்க” என்றார் கன்னியம்மா. அவர் எந்தப் பட்டனையும் தொடவில்லை. கன்ட்ரோலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடம்பை மட்டும் சாய்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வண்டி கிளம்பிய இடத்திலேயே நின்றது.

பஸ்ஸில் ஒரு கோடுகூட விழாமல் ஓட்டுகிறவர் ஏழுமலை. மீசை துடித்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேர்த்தது. எப்படியாவது தோற்றாக வேண்டும்! தண்ணீரில் இறக்கினேன், மரத்தில் மோதினேன், ரிவர்ஸில் போனேன். எல்லாம் பச்சைக்கே நடந்தது; பதற்றத்தில் வயர் ஞாபகமே எனக்கு வரவில்லை. நான் எவ்வளவு கேவலமாக ஓட்டினேனோ, சிவப்பு அவ்வளவு ஜம்மென்று போய் முதலில் வந்தது. அடுத்த ரேஸிலும் அப்படியே. நீல வண்டியை ஓட்டிக்கொண்டே மகேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையில் பத்து சிவப்பு டேப் இருந்தது.

மூன்றாவது ரேஸின் நடுவில் ஏழுமலை கன்ட்ரோலரைப் பாயில் போட்டுவிட்டு எழுந்தார். “மகேசு, கெளம்பு. வூட்டுக்கு வந்த பெரிய மனுசன இப்டி மட்டம் தட்றவன் நாளைக்கு உன்ன இன்னா பண்ணுவான்?”

எனக்குக் கண் இருட்டியது. மகேஸ்வரியின் கண் மட்டும் டிவியை விட்டு நகரவில்லை. அவர் கன்ட்ரோலரைப் போட்ட அதே நொடியில், சிவப்பு வண்டி நின்றுவிட்டிருந்தது.

“லைன் ஸ்டாப்!” என்று கத்தினாள். கம்பெனியில் கோளாறைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லிக் கத்துகிற அதே கத்தல். “அப்பா, அத எடுத்து அமுக்கு.”

அமுக்கினார். சிவப்பு ஓடியது.

“மாரி, நீ லெஃப்ட்ல ஒடி.”

ஒடித்தேன். பச்சை சுவரில் முட்டியது.

“அப்போ இவ்ளோ நேரம் நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?” என்று கேட்டாள்.

“தோக்கப் பாத்தேன்” என்றேன்.

இசக்கி கையிலிருந்த பொரி தரையில் கொட்டியது. ஏழுமலை மெதுவாகக் கேட்டார்: “இரு இரு. அந்தச் சேப்பு வண்டி, ஒரு எடத்துல கூட ஒரசாம வந்துச்சே. அத ஓட்னது யாரு?”

“நீங்கதாங்கய்யா.”

“ரெண்டு ரேஸும்?”

“ரெண்டும் நீங்கதாங்கய்யா.”

முகம் அப்படியே மலர்ந்தது. “பாத்தியா கன்னிம்மா! எந்த வண்டின்னே தெரியாம ஓட்டி ஜெயிச்சிருக்கான் உன் அண்ணன்!” என்று மறுபடி சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பொரித் தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு மகளிடம், “தோக்கறதுக்கே இவ்ளோ கஷ்டப்படறான். இவங்கூட சண்ட போடவே முடியாதும்மா உன்னால” என்றார். அதுதான் எங்கள் நிச்சயதார்த்தம் என்று இசக்கி இன்றும் சொல்வான்.

இப்போது சேரப்பணஞ்சேரியில் வாடகை வீடு. வாஷிங் மெஷின் வாங்குவதிலிருந்து எதையாவது நான் ‘முடிவு செய்துவிட்டேன்’ என்று சொன்னால், மாமா மகளுக்குப் போன் போட்டுக் கேட்பார்: “அவன் கையில கீற கட்டையில எந்த வண்டி ஓடுதுன்னு பாத்தியாம்மா?”

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கன்ட்ரோலர்களுக்குப் பொட்டு உண்டு. செருகுகிற முனைகளை மகேஸ்வரி என் கண்ணிலேயே காட்டுவதில்லை. அப்புறம் ரேஸ். நானும் கல்யாணமான நாளிலிருந்து, சத்தியமாக, உயிரைக் கொடுத்து ஜெயிக்கத்தான் பார்க்கிறேன். ஒருமுறைகூட நடக்கவில்லை. மாமா என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

இதை மட்டும் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. “பாவம், மாப்ள இன்னும் வுட்டுக் குடுத்துக்கினு கீறாரு பாரு” என்கிறார் கன்னியம்மா அத்தை, மஞ்சள் கன்ட்ரோலரை நெஞ்சோடு அணைத்தபடி.