வில்ஃப் கிடக்கும் மூலை

எட்வின் ஹாட்ச்கிஸ் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"மைதானம் முழுக்கவா தோண்டப் போறீங்க?"

"முழுக்க," என்றான் ஜூலியன். கிரிக்கெட் கிளப்பின் புதிய தலைமை நிர்வாகி. கழுத்தில் டை இருக்கும், காலில் சாக்ஸ் இருக்காது. "இடுப்பளவு ஆழத்துக்கு மண்ண வாரிட்டு, அடியில குழாயப் போட்டு, மேல மணலக் கொட்டிடுவோம். மழை விட்ட கொஞ்ச நேரத்துல ஆட்டத்த ஆரம்பிச்சிடலாம். சர்வதேச மைதானம்னா சும்மாவா?"

"வாரின மண்ணு?"

"பைபாஸ் ரோட்டுக்குப் போகுது. அங்க ஒரு ரவுண்டானாவுக்கு நடுவுல மேடு போடறாங்களாம். திங்கக்கிழமை பொக்லைன் வந்துடும்."

உறுப்பினர் அறை கைதட்டியது. இங்கிலாந்தின் சின்ன ஊரான ஹோல்ம்வெல்லில் உறுப்பினர்கள் லேசில் கைதட்டுகிறவர்கள் இல்லை. சொந்த மாவட்டத்தின் கவுண்டி அணி ஜெயித்தால்கூட ஒரு செருமலோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அடுத்த கோடையில் சர்வதேச ஒருநாள் ஆட்டம் ஒன்று இங்கே நடக்கப் போகிறது. விளக்குக் கம்பம் வரும், புது அரங்கம் வரும், தொலைக்காட்சியில் ஊர்ப் பெயர் வரும். இந்த ஊரில் கடைசியாக நடந்த பெரிய சம்பவம் ரயில் நிலையத்தை இழுத்து மூடியதுதான். வெளியே அக்டோபர் மழை பெய்துகொண்டிருந்தது. ஜூலை மழைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எட்வின் மட்டும் கைதட்டவில்லை. ஏனென்றால் அந்த மண்ணுக்குள் வில்ஃப் இருந்தார்.

வில்ஃப் பென்ரோஸும் எட்வினும் வாலிபத்திலிருந்தே, விக்கெட் கீப்பருக்குப் பின்னால் எல்லையோரமாக இருக்கிற தேர்ட் மேன் மூலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கவுண்டி ஆட்டம் பார்த்தவர்கள். ஒரு பிளாஸ்க் தேநீர், ஆளுக்கு ஒரு சீஸ் சாண்ட்விச், இருவருக்கும் சேர்த்து ஒரு போர்வை. வருவதெல்லாம் தோல்வி. ஆனாலும் போவார்கள். வில்ஃப் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எட்வினின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ன நம்ம மூலையிலயே போட்டுடுப்பா. தனியா வேற எங்கயும் விட்டுடாத."

எட்வின் வாக்குக் கொடுத்தார். வில்ஃபின் மனைவி டோரீன், தகனம் முடிந்த மறுவாரம், சாம்பலை ஒரு தேயிலை டப்பாவில் போட்டு வாசலிலேயே நீட்டினார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "பத்திரமாப் போட்டுடுங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

போடுவதுதான் கஷ்டமாகிவிட்டது. சாம்பல் பட்டால் புல் கருகும் என்று கிளப்பில் தடை. மைதானக் காப்பாளர் கிளெம், ஒரு முறை தன் அப்பாவைத் தூவ வந்த ஒருவரைத் துடைப்பத்தோடு துரத்தி, அப்பாவில் பாதியோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். எனவே எட்வின் உணவு இடைவேளைக்காகக் காத்திருந்தார். கவுண்டி ஆட்டத்தில் அப்போது பார்வையாளர்கள் புல்லில் இறங்கி நடக்கலாம். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்து, ஒரு கை அகலத்துக்குப் புல்லைப் பெயர்த்து, டப்பாவைக் கவிழ்த்து, மேலே மிதித்துவிட்டார். சாம்பலில் கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள் இருந்தன. காலமெல்லாம் பைப் பிடித்த மனிதர், நுரையீரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து புல்லைப் பார்த்து மெல்ல ஸ்கோர் சொல்லுவார். வீட்டில் அவரோடு பேச யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால், வெளியிலும் இல்லை.

அந்த வில்ஃப் இப்போது ரவுண்டானாவுக்குப் போகப் போகிறார். வில்ஃபுக்கு ரவுண்டானா என்றாலே ஆகாது. ஒரு தடவை ஒன்றுக்குள் நுழைந்து, வெளியே வர வழி தெரியாமல் பெட்ரோல் தீரும்வரை சுற்றியவர்.

மறுநாள் விடிந்ததும் எட்வின் ஒரு தோட்டக் கரண்டியோடு மைதானத்துக்குப் போனார். இடம் அவருக்கு மனப்பாடம். எல்லைக் கயிற்றிலிருந்து ஒரு எட்டு உள்ளே, வெள்ளைத் திரையின் இடது சக்கரத்துக்கு நேர் எதிரே.

அங்கே போய் நின்றபிறகுதான் விஷயம் புரிந்தது. எல்லைக் கயிறு ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறும். எந்தப் பிட்சில் ஆடுகிறார்களோ அதற்குத் தகுந்தமாதிரி இழுத்துப் போடுவார்கள். பேட்ஸ்மேன் கண்ணுக்குப் பந்து தெரிவதற்காக வைக்கிற அந்த வெள்ளைத் திரையோ, 'இந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பக்கம் தள்ளு' என்று நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குச் சக்கரம் வைத்திருப்பதே அதற்குத்தான். ஆயுசு முழுக்கக் கிரிக்கெட் பார்த்த மனிதர், ஓடிக்கொண்டே இருக்கிற இரண்டு பொருளை அடையாளம் வைத்துச் சிநேகிதனைப் புதைத்திருக்கிறார். இப்போது கயிறும் இல்லை, திரையும் இல்லை. பச்சைப் பசேலென்று புல் மட்டும் இருந்தது.

தோராயமாக ஓர் இடத்தில் தோண்டினார். பிறகு இன்னொரு இடத்தில்.

"யோவ் எட்வின், காலங்காத்தால என் புல்லுல என்னய்யா பண்ற?"

கிளெம். கையில் அதே துடைப்பம்.

"அது... காது மெஷின் விழுந்துடுச்சு கிளெம்."

"உனக்கு எப்பய்யா காது போச்சு?"

"என்னது?" என்றார் எட்வின். அந்த நேரத்துக்கு அவருக்குத் தெரிந்த நடிப்பு அவ்வளவுதான்.

கிளெம் முரடர்தான், ஆனால் ஈர மனசு. துடைப்பத்தைக் கீழே வைத்தார். "இத முன்னாடியே சொல்லக் கூடாதா? நீ குனியாத, இடுப்புப் பிடிச்சுக்கும். நான் ஆளுங்களக் கூப்பிடறேன்."

அரை மணி நேரத்தில் உறுப்பினர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மழைக்கோட்டோடு வந்து, வரிசையாக மண்டியிட்டு, தேர்ட் மேன் மூலையைத் தடவித் தடவி முன்னேறினார்கள். எட்வின் தோண்டிய குழிகளை யாரோ நல்ல எண்ணத்தில் மிதித்துச் சமன் செய்தார்கள். எங்கே தோண்டினோம், எங்கே தோண்டவில்லை என்பதும் போயிற்று.

இல்லாத காது மெஷின் எப்படிக் கிடைக்கும், கொஞ்ச நேரத்தில் அலுத்துப் போய்விடுவார்கள் என்று எட்வின் தைரியமாகத்தான் நின்றார்.

"கெடச்சிடுச்சு," என்று ஒருவர் கையைத் தூக்கினார்.

எந்தக் காலத்தில் எந்தக் கிழவர் காதிலிருந்து விழுந்ததோ, மண் அப்பிய மெஷின் ஒன்று. துடைத்து, ஊதி, ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டு எட்வினின் காதில் திணித்தார்கள். "இப்ப கேக்குதா?" என்று கிளெம் காதருகே கத்தினார். நன்றாக இருந்த காது அன்றோடு வலிக்க ஆரம்பித்தது. அதற்குப்பிறகு ஊரில் அவரிடம் யாரும் மெதுவாகப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. எட்வினுக்கு ஒரு வாரம் அவகாசம் கிடைத்தால் போதும். அப்போதுதான் பக்கத்து ஊர்ச் சமாசாரம் நினைவுக்கு வந்தது. அங்கே வீடு கட்ட எடுத்த நிலத்தில் கொண்டை வைத்த நீர்ப்பல்லி ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, வேலையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். இந்த நாட்டில் அந்தப் பல்லிக்குச் சட்டம் கொடுக்கிற மரியாதையில் பாதி மனிதனுக்குக் கொடுத்தால்கூட எட்வின் கரண்டியோடு அலைய வேண்டியிருக்காது.

பேர் சொல்லாமல் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"கொண்டை இருந்துச்சா?" என்று அங்கிருந்த பெண் கேட்டார்.

எட்வின் அந்தப் பல்லியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. "இருந்துச்சும்மா. நல்ல கொண்டை."

"தலையிலயா, முதுகுலயா?"

எட்வின் யோசித்தார். "திரும்பிப் பார்க்கறதுக்குள்ள ஓடிடுச்சும்மா."

"சரி, நாங்க பார்த்துக்கறோம். நீங்க செஞ்சது நல்ல காரியம்."

திங்கட்கிழமை பொக்லைன் வாசலோடு நின்றது. எட்வினுக்கு மூச்சு வந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு போனால், மைதானத்தைச் சுற்றி ஆரஞ்சு நிற வேலி. பல்லி ஆராய்ச்சி முடியும்வரை யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாதாம். கிளெம்கூட வேலிக்கு வெளியேதான் நின்றார்.

"எந்தப் பாவியோ போன் பண்ணியிருக்கான்யா," என்று கத்தினார் கிளெம். "இங்க ஏதுய்யா பல்லி? ரெண்டு நாள்ல பொய்னு தெரிஞ்சிடும். அப்புறம் வேல நடக்கும்." பிறகு, கத்துவதை மறந்து, சாதாரணக் குரலில் சொன்னார். "அடுத்த வருஷத்தோட எனக்கு ஓய்வு எட்வின். வந்த நாள்லேருந்து தோக்கற டீமுக்கே பிட்ச் போட்டாச்சு. உலகம் பாக்கற ஒரு ஆட்டத்துக்குப் பிட்ச் போட்டுட்டு, பிட்ச அமுக்கற உருளைய விட்டு எறங்கிடணும். அது ஒண்ணுதான்யா ஆசை."

எட்வின் கேட்காததுபோல் நின்றார். காது மெஷின் அதற்கு மட்டும் உதவியது.

பல்லி நிபுணர் வந்தார். டார்ச்சும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு சின்னப் பெண். புல்லைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பெவிலியனுக்கு அடியில் தேடினார், அங்கேயும் இல்லை. கிளெம் முகத்தில் சிரிப்பு வந்தது. எட்வினுக்கும், கேட்டால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. கிளெமுக்கு அவருடைய ஆட்டம் கிடைக்கட்டும், வில்ஃபிடம் நாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றுகூட மனம் இளகிவிட்டது.

அந்தப் பெண் கடைசியாக ஸ்கோர்போர்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பழைய உருளையின் அடியில் டார்ச் அடித்தார். அப்படியே மண்டியிட்டார்.

"அழகா இருக்கீங்க," என்று பல்லியிடம் சொன்னார்.

ஒன்றில்லை, ஒரு குடும்பமே உருளைக்கடியில் குளிர்கால உறக்கத்தில் இருந்தது. கறுப்பாக, வழவழப்பாக. கொண்டை முதுகில். வசந்தம் வந்து அவை தாமாக எழுந்து போகும்வரை ஒரு பிடி மண்ணை அசைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. வசந்தத்தில் தோண்டினால் கோடைக்குள் புல் பிடிக்காது. கிரிக்கெட் வாரியம் ரொம்ப வருத்தப்பட்டு, அந்த ஆட்டத்தை வேறொரு கவுண்டிக்குக் கொடுத்துவிட்டது. இனி எப்போது தரும் என்று கேட்டதற்கு, இன்னும் அதிகமாக வருத்தப்பட்டது.

தோண்டும் திட்டத்தைக் கிளப் கைவிட்டது. ஜூலியன் வேறு வேலைக்குப் போய்விட்டான். உறுப்பினர் அறையில் பழையபடி யாரும் கைதட்டவில்லை. கிளெம் உருளைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என் உருளையாலதான்யா போச்சு," என்றார். "பழைய இரும்புக்காரன் கேட்டப்பவே குடுத்திருக்கணும். வருஷக்கணக்கா உழைச்ச சாமானாச்சேன்னு வச்சிருந்தேன்." எட்வின் இருப்பதை மறந்து, கத்தாமல்தான் சொன்னார்.

எட்வினால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம்கூட அங்கே நிற்க முடியவில்லை.

நேராக டோரீன் வீட்டுக்குப் போனார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வில்ஃப் போன பிறகு அந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. டோரீன் மண்டியிட்டு நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கணப்புக்கு முன்னால் நாற்காலிகள் இரண்டு. எட்வின் ஒன்றில் உட்காரப் போனார்.

"அதுல வேண்டாம். இதுல உக்காருங்க," என்று கத்தினார் டோரீன். காது சமாசாரம் அவருக்கும் எட்டியிருந்தது.

"எனக்குக் காது கேக்கும் டோரீன். அதுவே பொய்தான்." காது மெஷினைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு கரண்டி, கயிறு, சக்கரம், போன், பல்லி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கிளெமைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"ஊருக்கே வர இருந்த நல்லதக் கெடுத்துட்டேன். ஒரு மனுஷனோட கடைசி ஆசைய மண்ணாக்கிட்டேன். தெரிஞ்சா யாரும் என் முகத்துல முழிக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு டோரீன். வில்ஃபுக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்திட்டேன். இனிமே அவன யாரும் தோண்ட முடியாது. சட்டமே காவல் நிக்குது. அவன் எங்க இருக்கணும்னு நெனச்சானோ அங்கயே இருக்கான். அது போதும் எனக்கு."

டோரீன் கரித்தூள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். எட்வின் இரண்டு வாய் குடித்துவிட்டு, கோப்பையைக் கணப்பு மேடைமேல் வைக்க எழுந்தார். அங்கே நீல நிற ஜாடி ஒன்று இருந்தது. அதற்கு யாரோ குளிருக்குச் சுற்றுவதுபோல் கவுண்டி நிற மஃப்ளரைச் சுற்றிவிட்டிருந்தார்கள்.

டோரீன் சட்டென்று கோப்பையை வாங்கிக்கொண்டார். காலி நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"கல்யாணமான நாள்லேருந்து சனி, ஞாயிறுன்னு ஒரு நாள்கூட விடாம அவர அங்க கூட்டிட்டுப் போயிட்டீங்க எட்வின்," என்றார், மிகவும் மெதுவாக. "செத்ததுக்கப்புறமும் அனுப்ப எனக்கு மனசு வரல. அன்னைக்கு டப்பாவுல நான் போட்டுக் குடுத்தது, இந்தக் கணப்புச் சாம்பல்."