கடைசிவரி அக்காவின் கம்ப்யூட்டர்

டீ வாங்கி வந்தேன், குடித்தும் முடித்தேன். கம்ப்யூட்டர் இன்னும் எழும்பவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: சங்கரன்கோவிலில் கிளம்ப மறுக்கும் அத்தனை லினக்ஸ் கம்ப்யூட்டர்களையும் எழுப்பிவிடும் கடைசிவரி அக்கா, தன் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரை மட்டும் அப்படியே விட்டிருக்கிறாள்!

யார் போன் செய்தாலும் அக்கா கேட்பது ஒன்றுதான்: “திரையில கடைசி வரி என்ன?” பெயர் அப்படி வந்ததுதான். ஒரு முகூர்த்த நாளில் பூ மார்க்கெட் கமிஷன் கடை அண்ணாச்சி போனில் அலறினார்.

“பில்லு போட முடியல தாயி! பொட்டியத் தூக்கிட்டு வாரேன்.”

“தூக்காதீக அண்ணாச்சி. கடைசி வரி?”

“இங்கிலீசுல என்னமோ கெடக்கு.”

“எழுத்தெழுத்தா வாசிங்க.”

அவர் ஸ்பீக்கரைப் போட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூவ, மல்லிகை ஏலமே நின்று மொத்த மார்க்கெட்டும் காது கொடுத்தது.

“டிஸ்க்கு நெறஞ்சுபோச்சு. பில்லு மெசின்ல வேற என்ன வச்சிருக்கீக?”

“மக கல்யாண வீடியோ. மறுவீடு வரைக்கும் இருக்கு.”

தெருச் சண்டைக்கும் அக்காவிடம் அதே வைத்தியம்தான். “பழங்கதை வேண்டாம். கடைசியா அவ என்ன சொன்னா?”

அப்படிப்பட்டவளின் கம்ப்யூட்டர் எதற்காகக் காத்துக் கிடக்கிறது? கடைசி வரியைப் பார்த்தேன். இல்லாத ஒரு டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தது. கடையில் அக்காவோடு கூடவே இருந்த அவள் தங்கச்சியின் பாட்டு டிஸ்க் அது. தங்கச்சியின் கல்யாணச் சேலைக் கலரை வைத்து இருவருக்கும் சண்டை. சிவகிரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அக்கா அவளோடு பேசவில்லை.

“அந்த டிஸ்க்கத் தேடச் சொல்லுத ஒரு வரிய அழிச்சாப் போதுமேக்கா. அழிக்கட்டா?”

“கைய எடுட்டி! அது பாட்டுக்குத் தேடட்டும். உனக்கென்ன அவசரம்?”

என் வாய் சும்மா இருக்குமா? “சரி, தங்கச்சி கடைசியா என்ன சொன்னா?”

அக்கா பேப்பர் கட்டைத் தட்டித் தட்டி அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கிய கட்டுதான்.

“போன் பண்ணி, சாப்டியாக்கான்னு கேட்டா. நான் பேசாம வச்சிட்டேன்.”

திரை ஒருவழியாக எழும்பியது. நாங்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை.

“ஏட்டி, ஞாயித்துக்கெழம சிவகிரிக்கு வாரியா?”

“வாரேன். போய் என்ன சொல்லுவீக?”

“இன்னும் சாப்பிடலன்னு சொல்லணும். பொய்யா இருக்கப்படாது. நீயும் எதையாவது தின்னுட்டு வந்துராத.”

அந்த வரியை நான் அழிக்கவில்லை. ஞாயிறு காலை, வெறும் வயிற்றோடு, இருவரும் சிவகிரி பஸ் ஏறுகிறோம்.