ஒரே குழாயில் ஐந்து பேய்

காஜா பேராங் சாலையில் அன்று பஸ் நகரவில்லை. ஜலயோகி சேதுபதி சுவாமிகள் எழுந்தருளியிருந்தார்! இமயமலையில் நாற்பது ஆண்டு தவம். வயதோ முப்பத்தைந்து. கழித்துப் பார்க்க யாருக்கு நேரம்? வரிசையில் இடம் போய்விடுமே!

வீட்டுத் தண்ணீரைப் புட்டியில் கொண்டுபோனால் போதும். உற்றுப் பார்த்து, அந்த வீட்டைப் பிடித்த பேயின் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லுவார். விரட்டுவதற்குத் தாயத்து, விலை ஐந்து வெள்ளி. வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போய் ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் பேய்களெல்லாம் குடியுரிமை வாங்கிவிட்டன!

சாரதாம்பாள் அந்த வட்டாரத்துச் சுகாதாரத் தாதி. ஊருக்கு 'மிஸ்ஸி'. பொதுச் சுகாதாரத்தில் டாக்டர் பட்டம் படிக்க அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தாள். குடிதண்ணீருக்கும் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் உள்ள தொடர்பை இருநூறு வீடுகளில் விசாரித்து அனுப்பினால் இடம் உண்டு என்றார்கள். சைக்கிள் மிதித்தே நூற்றுப் பன்னிரண்டு வீடுகளை முடித்துவிட்டாள். சுவாமிகள் வந்தார்; மிச்ச வீடுகளின் கதவுகள் சாத்திக்கொண்டன.

"எங்க தண்ணியில இருக்கறது பேய் மிஸ்ஸி, கிருமி இல்ல. சாமியே சொல்லிட்டாரு!"

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். காமாட்சி வீட்டில் கண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தை. கழுத்தில் மூன்று தாயத்து; கண் குழிவிழுந்து, அழவும் தெம்பில்லாமல் கிடந்தது.

"தண்ணியைக் காய்ச்சிக் குடுத்தீங்களா?"

"காய்ச்சினா பேய்க்குக் கோவம் வருமாம் மிஸ்ஸி."

சாரதாம்பாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் குழந்தை பிஸ்கட் கேட்டது. காமாட்சி தாயத்துகளைப் பிய்த்து எறிந்தாள்.

மறுநாள் காலை சுவாமிகளின் பந்தலில் ஐந்து பெண்கள், ஐந்து புட்டிகள். முதலில் காமாட்சி, கடைசியில் சாரதாம்பாள்.

சுவாமிகள் முதல் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். "ஜப்பான்காரப் பேய்! கையில கத்தி!" இரண்டாவது, தொப்பி போட்ட போர்த்துக்கீசியக் கப்பல்காரன். மூன்றாவது, கிணற்றில் விழுந்த மருமகள். நான்காவது, அவளைத் தள்ளிவிட்ட மாமியார். ஐந்தாவதைப் பார்த்ததும் உடம்பை உலுக்கிக்கொண்டார். "ஐயோ! படிப்பு ஆசை பிடிச்ச மோகினி!"

"சாமி, அஞ்சு புட்டியும் உங்க பந்தல் வாசல் குழாயில பிடிச்சது," என்றாள் சாரதாம்பாள்.

"ஆமாலா, நான்தான் பார்த்தேனே!" என்று எதிர்க் காப்பிக்கடை தம்பிராஜா குரல் கொடுத்தார்.

சுவாமிகள் அசரவில்லை. "குழாய்க்குள்ள அஞ்சு பேயும் இருக்கு!"

"அப்புறம் ஏன் ஒரு புட்டிக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது? வரிசை பார்த்து இறங்குச்சா? காலையில இதே தண்ணியிலதானே காப்பி குடிச்சீங்க? இப்ப உங்க வயித்துக்குள்ள ஜப்பான்காரனும் மாமியாரும் சண்டை போடுறாங்களா?"

பந்தலே சிரித்துக் குலுங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் சுவாமிகள் பின்பக்கமாக ஓடி டிரைஷா வண்டியில் தாவி ஏறினார். நாற்பது ஆண்டுத் தவம் கண்ணிமைக்கும் நேரத்தில் மூலை திரும்பி மறைந்தது.

அடுத்த இரண்டே வாரத்தில் மிச்சமிருந்த எண்பத்தெட்டு வீடுகளும் முடிந்தன. பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. வழியனுப்ப ஊரே திரண்டு வந்தது. கூட்டத்தில் ஒருவர் குழைந்தார்: "மிஸ்ஸி, கப்பல் ஏற நல்ல நாள் பார்த்துச் சொல்லட்டுமா?"

"கப்பல் கிளம்புற நாளைக் கம்பெனிக்காரன் குறிச்சுட்டான்," என்றாள் சாரதாம்பாள். "உங்க மூளை வேலைக்குக் கிளம்புற நாளை நீங்க குறிங்க!"