வெள்ளைக் கொடுக்கும் புது வேட்டியும்

என் மனைவி கயல் என்னைவிடக் கெட்டிக்காரி என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு முற்பகல் தேவைப்பட்டது. அதுவும் இடுப்பில் வேட்டி இல்லாத முற்பகல்.

கல்யாணமான புதிது. கயல் பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். அண்ணாமலை நகரில் நண்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருக்குமே, அந்தச் சின்னச் சேற்று நண்டு. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். வெள்ளைக் கொடுக்கின் மேலுள்ள மணிமணியான புடைப்புகள் தெரிகிற ஒரு படம் மட்டும் பாக்கி. அதை வைத்துத்தான் வகை சொல்ல முடியுமாம். இல்லாவிட்டால் கைடு திருப்பிவிடுவார். “நான் எடுக்கறேன்” என்று வாயை விட்டேன். (அதுவரை நான் கிட்டத்தில் போய் எடுத்தது பிறந்தநாள் கேக்கைத்தான்.)

ஞாயிறு மாமியார் வீட்டில் விருந்து. இலை போடுவதற்குள் வந்துவிடலாம் என்று, அவர்கள் எடுத்துக் கொடுத்த புது வேட்டியோடு முகத்துவாரத்துச் சேற்றில் இறங்கினேன்.

“மாப்ள, நிக்காதீங்க, நடந்துகிட்டே இருங்க. நின்னா உள்ள இழுத்துக்கும்” என்றார் கயலின் அண்ணன் செல்வம்.

“நாங்க மங்கலம்பேட்டைக்காரங்க. நாத்து நட்ட காலு. எங்களுக்கே சேறா?” என்று நின்று காட்டினேன்.

வயல் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை உண்டு. இங்கே இல்லை என்பது முழங்கால் வரை போன பிறகுதான் தெரிந்தது. ஒரு நன்மை: நான் அசையாததால் நண்டுகள் என்னைத் தூண் என்று நம்பி வெளியே வந்தன. நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் கொடுக்கு வெறும் சுண்ணாம்பு.

கூடவே இறங்கியிருந்த கயல் கேமராவை வாங்கிப் பார்த்தாள். “சேறு கறுப்பா இருக்குல்ல? இருட்டுனு நெனச்சி கேமரா வெளிச்சத்த ஜாஸ்தியா வுடுது. கொறச்சி வைக்கணும்.” குறைத்து ஒன்று எடுத்தாள். “இப்பவும் வெயில் நேரா அடிச்சி பளபளக்குது. நடுவுல வெள்ளத்துணி புடிச்சா மணி தெரியும்.”

அவளுடைய துப்பட்டா சிவப்பு. செல்வம் கட்டியிருந்தது கட்டம் போட்ட கைலி. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“அவுருங்க.”

“கயலு, அண்ணன் இருக்காரு...”

“தண்ணி ஏறுதுங்க. என் நாலு வருஷ ஒழைப்பு போயிடும். அவுருங்க!”

அவிழ்த்தேன். ஒரு முனையைச் செல்வமும் மறுமுனையை நானும் பிடித்தோம், கோடு போட்ட அண்டர்வேரோடு. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

கயல் சேற்றில் குப்புறப் படுத்தாள். கொடுக்கு முழுதாக லென்ஸுக்கு நேரே திரும்பினால்தான் முனையிலிருந்து அடிவரை துல்லியம் வரும் என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். தண்ணீர் அவள் முழங்கைக்கு வந்துவிட்டது, அசையவில்லை. நண்டு திரும்பியது, ஒரே க்ளிக். எனக்கு வெட்கமெல்லாம் மறந்துபோனது. இப்பேர்ப்பட்டவளையா நான் கட்டியிருக்கிறேன் என்று பெருமை தாங்கவில்லை. (என்னைப் பிடுங்க நாலு பேர் வேண்டியிருந்தது.)

படத்தில் ஒவ்வொரு மணியையும் எண்ணலாம். ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். வாய்மொழித் தேர்வன்று அந்தப் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டாள். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், “என்ன துல்லியம்!” என்று எழுந்து பக்கத்தில் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“நண்டு வாய்கிட்ட இந்த நீர்க்குமிழியில, யாரோ கோடு போட்ட அண்டர்வேரோட நிக்கறாரே. யாரும்மா?”

கடைசி வரிசையில் நான் குனிந்துகொண்டேன்.

“எங்க வீட்டுக்காரர் சார்” என்றாள் கயல், கொஞ்சமும் அசராமல். “லைட்டிங்.”

மாமியார் வீட்டில் இன்றும் கரண்ட் போனால், “லைட்டிங்கக் கூப்புடுங்கப்பா” என்று யாராவது குரல் கொடுப்பார்கள்; முதலில் சிரிப்பவள் டாக்டர் கயல்தான்.