இடப்பக்கத்துக் கிளை குறித்து மச்சானுக்கு ஒரு விளக்கம்

கினாஷி,
ஜூலை 19

மதிப்பிற்குரிய மச்சான் ஒகாத்தா ஜின்பாச்சி அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் கோனிஷி கென்சாக்கு தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது.

மழைக்காலம் விடைபெற்று, விடியும் முன்பே சில்வண்டுகள் காதைத் துளைக்கும் நாள்கள் இங்கே வந்துவிட்டன. பேரனைப் பார்க்க ஹொக்கைடோவின் குஷிரோவுக்குப் போயிருக்கும் தாங்கள் அங்கே இன்னும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். தங்களுடைய முழங்கால், வயிறு, இரத்த அழுத்தம் மூன்றும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறோம். குறிப்பாக இரத்த அழுத்தம். பேரன் பிறந்த சேதி கேட்டு நானும் நொபுகோவும் சிவப்புப் பயறுச் சோறு ஆக்கிச் சாப்பிட்டோம். இவ்வளவு பெரிய சந்தோஷம் வந்திருக்கும் நேரத்தில் ஒரு மனிதனுக்கு வேறெந்த விஷயமும் பெரிதாகத் தெரியாது என்பது என் எண்ணம். தெரியக்கூடாது என்று கோயிலிலும் வேண்டிக்கொண்டேன்.

மரம் உயிரோடு இருக்கிறது. இதை முதலில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் தொலைபேசியில் தாங்கள் கத்துவீர்கள். கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் அது குஷிரோவோடு போய்விடும்.

மச்சான், எனக்கும் நொபுகோவுக்கும் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அவ்வளவு காலமும் நான் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவன் என்பதால் தாங்கள் என்னை 'டிக்கெட்டு' என்றுதான் கூப்பிட்டீர்கள். புத்தாண்டு விருந்தில்கூட "டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றுதான் சொல்வீர்கள். அப்படிப்பட்டவர் இந்த மாதம் ஆறாம் தேதி அந்தக் கறுப்புப் பைன் போன்சாய் மரத்தைத் தொட்டியோடு இரண்டு கையாலும் தூக்கிவந்து என் முன்னால் வைத்து, "கென்சாக்கு, இது என் தாத்தா கை பட்ட மரம். யமாஜிகிட்ட விட்டுட்டுப் போனா அவன் ரம்பத்த எடுத்துருவான். நம்ம போன்சாய் சங்கத்துல மத்தவனுங்களும் அரைகுறை தெரிஞ்சவனுங்க, அங்கங்க நறுக்கி வச்சிருவானுங்க. நீ மரத்தப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளு. அதனாலதான் உன்னை நம்புறேன்" என்று சொன்னீர்கள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'கென்சாக்கு' என்ற பெயர் தங்கள் வாயில் எவ்வளவு அழகாக இருந்தது!

தாங்கள் எழுதிக்கொடுத்த ஒன்பது பக்கக் குறிப்பையும் நான் மனப்பாடம் செய்தேன். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினேன், ஊசியிலைகளைத் தொடவில்லை, மூச்சுகூடப் பக்கவாட்டில்தான் விட்டேன். மூன்றாம் நாள் நான் முடிவெட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது மரம் சற்று இளைத்ததுபோல் இருந்தது. தங்களைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்து, அதை வடக்குப் பார்க்கத் திருப்பிவைத்து, தினமும் செய்தித்தாளில் வரும் ஹொக்கைடோ வானிலையை அதற்கு வாசித்துக் காட்டினேன். இந்த அக்கறை குறிப்பில் இல்லை, நானாகச் செய்தது. தாங்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி நல்ல வெயில். "ஏங்க, சும்மாதான உக்காந்திருக்கீங்க, குளிருக்குப் போட்ட மெத்தையக் கொஞ்சம் காயப்போடுங்களேன்" என்றாள் நொபுகோ. கொல்லையில் மூங்கில் கழிக்குக் கீழேதான் மரம் இருந்தது. நகர்த்தலாமா என்று யோசித்தேன், ஆனால் எட்டாம் பக்கத்தில் 'இடத்தை மாற்றாதே' என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தீர்கள், அதனால் மரத்தை நகர்த்தாமல் மெத்தையைக் கழியில் போட்டேன். கடல் பக்கமிருந்து ஒரு காற்று. கழி நழுவியது, மெத்தை விழுந்தது. சத்தம் ரொம்பச் சின்னதுதான் மச்சான், நூடுல்ஸ் கடையில் மரக்குச்சியை இரண்டாகப் பிரிப்போமே, அவ்வளவுதான். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால், 'விருந்தாளியை வாங்கன்னு கூப்பிடுற கை' என்று தாங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளும் அந்த இடப்பக்கத்துக் கீழ்க்கிளை ஒரு தோலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பதறவில்லை. அதாவது, முதல் அரைமணி நேரம் பதறிவிட்டு அதன்பிறகு பதறவில்லை. கிளையைத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் குச்சியை அணைகொடுத்து, என் இடுப்பு வலிக்கு வாங்கிய மருந்துப் பட்டையைச் சுற்றி ஒட்டினேன். நொபுகோ வந்து எட்டிப்பார்த்தாள்.

"மரத்துக்கு இடுப்பு வலியா?"

"விளையாடாத. உங்கண்ணன் என்னைக் கொன்னுருவாரு."

"அதுக்கு இன்னும் பதினஞ்சு நாளு இருக்குல்ல. சூடு ஆறிடும், வந்து சாப்பிடுங்க."

அவள் அப்படியே திரும்பிப்போய் ஒரு கிண்ணம் ஊடோன் நூடுல்ஸை உறிஞ்சிச் சாப்பிட்டாள். கூடப்பிறந்தவளுக்கு இப்படியும் ஒரு கல்நெஞ்சு இருக்குமா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

மரத்தைச் சுற்றி எங்கள் குளியலறைத் திரையை எடுத்துக் கட்டினேன். அந்த மஞ்சள் வாத்துப் படம் போட்டதுதான். அன்று மாலையே சங்கத் தலைவரின் மனைவி மியாதாகே அம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "என்னங்க கோனிஷி, வாத்து மறைப்பெல்லாம் பலமா இருக்கு?" என்றார். நான் வாயில் வந்ததைச் சொன்னேன்: "மரம் ஓய்வெடுக்குதுங்க." அவ்வளவுதான். மறுநாள் காலைக்குள் தங்கள் மரம் சாகக் கிடக்கிறது என்று கினாஷி முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வொருவராக வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாத்துத் திரைக்கு முன்னால் குனிந்து வணங்கி, ஆஸ்பத்திரிக்கு வருவதுபோல் ஏதாவது வைத்துவிட்டுப் போனார்கள். இதுவரை நான்கு முலாம்பழம், ஒரு கூடை பீச் பழம். நோயாளி பிழைக்க வேண்டி மடிக்கும் ஆயிரம் காகிதக் கொக்குகளில் இருநூறு மாதர் குழுவிலிருந்து வந்திருக்கின்றன, பாக்கி எண்ணூறை மடித்துக்கொண்டிருக்கிறார்களாம். "வலியில்லாம இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். "இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்றேன். பொய் ஒன்று சொல்லிவிட்டால் அதற்குத் துணைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது மச்சான்.

பதினாறாம் தேதி யமாஜி வந்தார். அவர் குனியவில்லை, வணங்கவில்லை, நேராகப் போய் வாத்துகளை விலக்கினார். நான் மண்டியிட்டுவிட்டேன். அவர் மருந்துப் பட்டையை முகர்ந்து பார்த்தார். பிறகு அதை உரித்து, தொங்கிய கிளையைத் திருகிக் கையோடு எடுத்துவிட்டார்.

"ஐயோ யமாஜி!"

"சும்மா இருய்யா டிக்கெட்டு! முப்பது வருஷமா இந்த மாதிரிக் கீழ்க்கிளைய எடு, எடுன்னு ஜின்பாச்சிகிட்ட தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா? தள்ளி நின்னு பாரு. இப்பத்தான் மரம் மூச்சே விடுது!"

மிஞ்சிய கிளைக்கட்டையின் பட்டையைக் குறட்டால் உரித்து, கூராகச் சீவி, வெள்ளை மருந்து தடவினார். பல வருஷம் மின்னலும் காற்றும் தின்ற மலைமரம்போல் ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாதுதான், ஆனால் நன்றாகத்தான் இருந்தது. யமாஜி எங்கள் முலாம்பழத்தில் பாதியைத் தின்றபடி ஒருமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேநீர்கூடக் குடிக்காமல் ஏதோ யோசனையோடு எழுந்து போய்விட்டார்.

மச்சான், குற்றம் என்னுடையது. காற்றின்மேலோ மெத்தையின்மேலோ பழி போட மாட்டேன். யமாஜி வந்து முறித்தார் என்று எழுதியிருந்தால் தாங்கள் உடனே நம்பியிருப்பீர்கள். மூன்று இரவு அப்படி எழுதத்தான் நினைத்தேன். ஆனால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இனிமேல் பழையபடி 'டிக்கெட்டு' என்று கூப்பிட்டால் ஏற்றுக்கொள்கிறேன். கென்சாக்குவாக ஆறு நாள் இருந்தேன், அது போதும்.

பெற்றவளும் பிள்ளையும் சுகமாக இருக்கவும், தாங்கள் கோபதாபம் இன்றி நெடுங்காலம் வாழவும் வேண்டுகிறேன். சம்பந்தி வீட்டாருக்கு என் வணக்கங்கள். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே இக்கடிதத்தைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலை நிமிராத
கோனிஷி கென்சாக்கு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நொபுகோ இதை வாங்கிப் படித்துவிட்டு, "இதையெல்லாம் எதுக்கு எழுதுனீங்க? அது எங்கண்ணன் மரமே இல்லையே" என்றாள். நான் முடிவெட்டப் போன அன்றே, என் கையில் இருந்தால் எதுவும் உருப்படாது என்று முடிவுகட்டி, தங்கள் மரத்தைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டு, யமாஜி வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய, அதேபோல் இடப்பக்கம் கை நீட்டிய ஒரு பைன் மரத்தை வாங்கிவந்து அதே இடத்தில் வைத்துவிட்டாளாம். மச்சான், மனைவி நம்பாததற்காக ஒருவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. தங்கள் மரத்தில் ஒரு ஊசிகூடக் குறையவில்லை! மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும்.

மறுபடியும் பி.கு.: பத்திரமான இடம் எது என்று இப்போதுதான் கேட்டேன். "மரத்தப் பத்தித் தெரிஞ்சவரு யமாஜி ஒருத்தர்தானேங்க" என்றாள் நொபுகோ. யமாஜியைப் பற்றித் தாங்கள் சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். யமாஜி கொல்லையில் நின்றுகொண்டிருந்தார், கையில் ரம்பம், காலடியில் தங்கள் மரத்தின் அந்த 'வாங்கன்னு கூப்பிடுற' கிளை. "வா வா கென்சாக்கு! உன் மரத்தைப் பாத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. பாரு, அதைவிட இது எவ்வளவு அம்சமா வந்திருக்கு!" என்றார். நொபுகோ இன்று மதியப் பஸ்ஸில் தன் சிநேகிதி வீட்டுக்குப் போகிறாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் தன் பெயர் வரும் இடங்களையெல்லாம் அடித்துவிடச் சொன்னாள். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன், மை தீர்ந்துகொண்டே வரு